குழுவுக்கு ஒரு பக்கம்: கலைக்களஞ்சியம் யாரை நினைவில் கொள்கிறது?

ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தகுமா என்ற கேள்வி எழுந்தால் இரண்டு விடைகள் உடனே வந்து நிற்கின்றன. ‘தகாது’ என்பார் கூறும் காரணம் இது: குழுவின் தலைவருக்குக் கட்டுரை இருக்கிறது, அவர் கண்டறிந்ததற்குக் கட்டுரை இருக்கிறது, அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்துக்கும் இருக்கிறது, நான்காவதாக ஒன்று எதற்கு? ‘தகும்’ என்பார் கூறும் காரணம் இது: எங்கள் குழு இத்தனை ஆய்வுரைகளை வெளியிட்டுள்ளது, இத்தனை கோடி நிதி பெற்றுள்ளது, இத்தனை முனைவர்களை உருவாக்கியுள்ளது, எங்களுக்கு இல்லாத பக்கம் வேறு யாருக்கு? முதல் விடை சோம்பலின் விடை. இரண்டாவது விளம்பரத்தின் விடை. இரண்டையும் மறுப்பதற்கே இப்பதிவு.

பொதுவாகப் பேசினால் இருதரப்பும் தப்பித்துவிடும். ஆகவே ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறேன். 1952ஆம் ஆண்டு ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியவர். கிண்டி வளாகத்தில் அவரைச் சுற்றி உருவான குழு, ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் படிகவியலிலும் உயிரியற்பியலிலும் உலகம் கவனித்த பணிகளைச் செய்தது. அக்குழுவின் ஒரு பகுதி 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்குப் பெயர்ந்து, இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவாயிற்று. சென்னையில் எஞ்சியோர் தங்கள் பணியைத் தொடர்ந்தனர். உலக இலக்கியத்தில் ‘சென்னைக் குழு’ என்றே இவர்கள் குறிக்கப்படுவதுண்டு.

இன்று இதைத் தேடும் மாணவருக்கு முதலில் கிடைப்பவை இரண்டு: இராமச்சந்திரன் என்ற மனிதர், இராமச்சந்திரன் வரைபடம் என்ற கருவி. இரண்டும் தகுதியுடைய தலைப்புகளே, அதில் ஐயமில்லை. என் வினா வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே நிகழ்ந்தது எங்கே போயிற்று?

நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜே. டி. பெர்னால் சென்னை வந்திருந்தபோது, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சுட்டினார். தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் அது. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் முப்புரி அமைப்பை முன்மொழிந்தனர். 1955இல் மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடப்பதாக அதைத் திருத்தினர். அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் தங்கள் மாதிரியை வெளியிட்டனர். முப்புரி என்பதை அவர்கள் ஏற்றனர்; ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிட்டன, அத்தகைய நெருக்கம் இயலாது என்பது அவர்தரப்பு மறுப்பு.

இந்த மறுப்புக்குச் சென்னைக் குழு விடையிறுத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ‘அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?’ என்ற வினாவையே தனி ஆய்வாக அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் திரட்டி, பிணைப்பில்லாத அணுக்களிடையே உண்மையில் காணப்படும் தொலைவுகளைத் தொகுத்தனர். பின்னர் அந்த எல்லைகளைக் கொண்டு, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்து, எந்தெந்தக் கோணச் சேர்க்கைகளில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று கணக்கிட்டனர். கைக்கணக்கு இயந்திரங்களின் காலம் அது. 1963இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி’ இதழில் வெளிவந்த ஆய்வுரைக்கு ஆசிரியர் மூவர்: ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். இன்று உலகில் எவர் ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும், அது நம்பத்தக்கதா என்பதை அந்த வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்.

1954க்கும் 1963க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளை யார் கதையாக எழுதுவது? மனிதரின் வாழ்க்கை வரலாற்றில் அது ஒரு பத்தி. வரைபடத்தின் விளக்கத்தில் அது ஒரு வரி. உண்மையில் நிகழ்ந்ததோ, ஒரு குழு தன் மீது விழுந்த மறுப்பைத் தன் அடுத்த வினாவாக மாற்றிக்கொண்ட கதை. கொலாஜனில் கைவைத்தவர் வேறு. தொலைவுகளைத் தொகுத்தவர் வேறு. கோணங்களைக் கணக்கிட்டவர் வேறு. வினா மட்டும் ஒன்றாகத் தொடர்ந்தது. அத்தொடர்ச்சிக்கு உரிமையாளர் எந்தத் தனிமனிதரும் அல்லர்; குழுவே.

கதை அத்துடன் முடியவில்லை. அதே சென்னையில் 1963இலும் 1967இலும் புரத அமைப்பு பற்றியும் உயிர்ப் பெருமூலக்கூறுகளின் வடிவம் பற்றியும் பன்னாட்டுக் கருத்தரங்குகள் கூடின. அவற்றின் தொகுப்புகள் நூல்களாக வெளிவந்தன. கோபிநாத் கர்த்தா அமெரிக்கா சென்றார். 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைப் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் இணைந்து வெளியிட்டார். சசிசேகரன் பெங்களூரு வந்து, மரபிழையின் இரட்டைச் சுருள் குறித்தே மாற்று மாதிரி ஒன்றை 1970களில் முன்வைத்து விவாதம் எழுப்பினார். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல், பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்டெடுக்கும் கணித முறையை வெளியிட்டனர். மருத்துவமனைகளில் இன்று இயங்கும் குறுக்குவெட்டு ஊடுகதிர்க் கருவிகளின் கணிதத்தோடு தொடர்புடையது அது. இவை அனைத்தையும் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றுக்குள் அடக்கினால், கர்த்தாவும் சசிசேகரனும் அவருடைய நிழல்களாகிவிடுவர். வரைபடத்தின் கட்டுரைக்குள் அடக்கினால், வரைபடத்துக்குத் தொடர்பில்லாதவை உதிர்ந்துபோகும். பல்கலைக்கழகத்தின் கட்டுரைக்குள் அடக்கினால், துணைவேந்தர் பட்டியலுக்கும் கட்டடங்களின் வரலாற்றுக்கும் இடையே இரண்டு வரி எஞ்சும்.

இனி எதிர்த்தரப்பாரின் வாதங்களுக்கு வருகிறேன். அவற்றுள் வலியது முதலில்.

‘தகுதி மரபுரிமையாகக் கிடைப்பதில்லை’ என்பது விக்கிப்பீடியர் அடிக்கடி எடுத்தாளும் நெறி. தந்தை புகழ்பெற்றவர் என்பதால் மகனுக்குக் கட்டுரை இல்லை. ஆசிரியர் புகழ்பெற்றவர் என்பதால் அவருடைய ஆய்வகத்துக்குக் கட்டுரை இல்லை. நல்ல நெறி, இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்நெறியை ஒரு திசையில் மட்டும் செலுத்துவது ஏன்? தலைவரின் புகழ் குழுவுக்கு இறங்காது என்றால், குழுவின் உழைப்பும் தலைவருக்கு ஏறக்கூடாது. கீழே இறங்கும் வழியை அடைத்துவிட்டு மேலே ஏறும் வழியைத் திறந்துவைத்திருப்பது நெறியாகாது. பலரின் பணியை ஒருவரின் பெயருக்கு ‘வழிமாற்று’ செய்யும் ஒவ்வொரு முறையும், களஞ்சியம் தன் விதியைத் தானே மீறுகிறது.

இது கற்பனைக் குறையன்று. 2018 அக்டோபர் 2ஆம் நாள் இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்றோருள் ஒருவரான டோனா ஸ்டிரிக்லாந்துக்கு அன்று காலைவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. அவரைப் பற்றிய வரைவு, அவ்வாண்டு மே மாதத்தில்தான், சான்றுகள் போதா என்று திருப்பப்பட்டிருந்தது. அவருடன் பரிசைப் பகிர்ந்த ஜெரார் மூருவுக்கோ பல்லாண்டுகளாகக் கட்டுரை இருந்தது. பரிசுக்குரிய பணி 1985இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டது. அப்போது மூரு வழிகாட்டி, ஸ்டிரிக்லாந்து ஆய்வு மாணவி. வழிகாட்டிக்குப் பக்கம் இருந்தது, மாணவிக்கு இல்லை. பால் வேற்றுமை இதில் பெரும்பங்கு வகித்தது என்று உலகம் சரியாகவே பேசியது. அதோடு சேர்த்து நாம் பேச வேண்டியது இன்னொன்று: ஆய்வகத்தின் படிநிலை அப்படியே களஞ்சியத்தின் படிநிலையாகிவிட்டது. திருப்பியவர் தீயவர் அல்லர். அவர் முன் இருந்த சான்றுகளே அந்தப் படிநிலையில்தான் எழுதப்பட்டிருந்தன.

இரண்டாம் வாதம்: ‘குழு என்பது நிலையில்லாதது. இன்று பதினைவர்; நாளை மூவர். நிதி தீர்ந்தால் கலையும். அதற்கு ஒரு பக்கம் கொடுத்தால், அது உறுப்பினர் பட்டியலாகவும் திட்டங்களின் பட்டியலாகவும் சிதையும்.’ பெரும்பாலான குழுக்களைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் நிலையாமையைக் காரணம் காட்டி விலக்குவதென்றால் களஞ்சியத்தில் பாதியைக் கிழித்தெறிய வேண்டும். வியன்னா வட்டம் இன்று இல்லை; அதற்குக் கட்டுரை உண்டு. நிக்கோலா பூர்பாக்கி என்ற புனைபெயரில் 1930களில் கூடிய பிரெஞ்சுக் கணிதவியலார் குழுவில், ஐம்பது வயதானால் விலக வேண்டும் என்பது வழக்கம். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தனர், பெயர் நின்றது.

பூர்பாக்கியைச் சொன்னதால் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1940களின் இறுதியில் பிரிட்டானிக்காவின் ஆண்டு மலரில் ரால்ஃப் போவாஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலார், பூர்பாக்கி என்பவர் தனிமனிதர் அல்லர், குழு என்று எழுதினார். உண்மையையே எழுதினார். குழுவினர் சினந்து, பூர்பாக்கியின் பெயராலேயே பதிப்பாசிரியருக்கு மறுப்புக் கடிதம் அனுப்பினர். போவாஸ் என்று ஒருவரே இல்லை, அது ‘மேத்தமேட்டிகல் ரிவ்யூஸ்’ இதழாசிரியர்களின் கூட்டுப் பெயர் என்று ஒரு வதந்தியையும் உலவவிட்டனர். குறும்புதான். ஆனால் அக்குறும்புக்குள் ஒரு பாடம் இருக்கிறது. தங்களைத் தனிமனிதராக ஏற்குமாறு ஒரு குழு களஞ்சியத்திடம் வாதாடியது. களஞ்சியத்துக்குத் தனிமனிதர் என்றால்தான் எளிதில் புரியும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

மூன்றாம் வாதம்: ‘கலைக்களஞ்சியம் என்ற வடிவமே மனிதருக்கும் பொருளுக்கும் உரியது, குழு அதில் பொருந்தாது.’ வரலாறு இதற்கு இடங்கொடுக்கவில்லை. தீதரோவும் தலாம்பேரும் 1751 முதல் வெளியிட்ட பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் தலைப்புப் பக்கமே, ‘அறிஞர் கழகம்’ ஒன்று இயற்றியது என்று அறிவித்தது. அக்களஞ்சியம் தனிமனிதருக்குத் தலைப்புத் தருவதைத் தவிர்த்தது. நியூட்டனின் வாழ்க்கையைப் படிக்க விரும்புபவர், அவர் பிறந்த ஊரின் பெயரில் உள்ள பதிவைத் திறக்க வேண்டும். மனிதரை ஊருக்குள் அடக்கிய களஞ்சியமும் களஞ்சியமே. குழுவை மனிதருக்குள் அடக்கும் களஞ்சியமும் களஞ்சியமே. எதை எதற்குள் வைப்பது என்பது வழக்கம், இயற்கை விதியன்று. வழக்கத்தை மாற்றலாம்.

நம் மொழியிலும் இதே நிலைதான். 1902இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதான கோச’த்தையும், 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியார் ‘அபிதான சிந்தாமணி’யையும் தந்தனர், தனியொருவர் உழைப்பின் மலைகள் அவை. அடுத்த தலைமுறையில் தி. சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘கலைக்களஞ்சிய’த்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. நூற்றுக்கணக்கான அறிஞர் எழுதினர். பதிப்புக் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் கலைச்சொல்லோடு போராடியது. இடமோ சென்னைப் பல்கலைக்கழக வளாகம். முதல் தொகுதி வெளிவந்த ஆண்டு 1954. இராமச்சந்திரனும் கர்த்தாவும் முப்புரியை முன்மொழிந்த அதே ஆண்டு. ஒரே பல்கலைக்கழகத்தின் நிழலில், சேப்பாக்கத்தில் ஒரு குழு தமிழில் உலகறிவைத் தொகுத்துக்கொண்டிருந்தது. கிண்டியில் ஒரு குழு உலகறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தது. இன்று முதலாவதைத் தூரன் என்கிறோம். இரண்டாவதை இராமச்சந்திரன் என்கிறோம். இருவரும் பெரியோர். ஆனால் இரண்டு குழுக்களின் வரலாறும் இரண்டு பெயர்களுக்குள் சுருங்கிவிட்டது என்பதும் உண்மை.

நான் வசிக்கும் ஆஸ்டின் டவுனுக்குக் ‘கிட்டல் நகர்’ என்றும் ஒரு பெயர் உண்டு. கன்னட–ஆங்கில அகராதியை 1894இல் மங்களூரில் வெளியிட்ட பாசல் மிஷன் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாகச் சூட்டியது. ஏறத்தாழ எழுபதாயிரம் சொற்கள் கொண்ட அகராதி அது. எங்கள் தெருக்களில் தமிழ் பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் கலந்தே வாழ்கிறோம். பேச்சில் ஊர்ப்பெயர் ஆஸ்டின் டவுன்தான். கிட்டலுக்கு நகரில் சிலையும் இருக்கிறது; அவர் அதற்கு முற்றும் உரியவர். ஆனால் எழுபதாயிரம் சொற்களுக்குப் பொருள் சொல்லவும் சான்று காட்டவும் அவருடன் அமர்ந்த கன்னட அறிஞர் பெயர்களை, அகராதியைப் புரட்டுவோருள் எத்தனை பேர் அறிவர்? எங்கள் பகுதிக் கால்பந்துத் திடலில் ஆடும் சிறுவரிடம் கேளுங்கள்: கோல் போட்டவன் பெயரையும் சொல்வார்கள், அணியின் பெயரையும் சொல்வார்கள். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. படித்தவர்களாகிய நாம்தான் சொல்கிறோம்.

இதுவரை ‘தகாது’ என்பாருக்குச் சொன்னேன். இனி ‘தகும்’ என்பாருக்கு. அவர்கள்மீதுதான் என் சினம் மிகுதி. ஏனெனில் நல்லதொரு வழக்கை அவர்களே கெடுக்கிறார்கள்.

தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு வந்தபின், நம் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுப்பார்வை என்பதும் ஒரு மதிப்பெண் ஆகிவிட்டது. நூற்றுக்குப் பத்து அதற்கு. கற்பித்தலிலும் ஆய்விலும் ஒரு புள்ளி உயர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். பார்வையில் உயர்வதற்கு ஒரு பக்கம் போதும் என்று நிருவாகம் கருதுகிறது. விளைவு நமக்குத் தெரிந்ததே. ஆய்வேட்டை எழுத வேண்டிய மாணவர், தன் வழிகாட்டியின் ஆய்வகத்துக்குக் களஞ்சியப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். ‘முன்னோடி’, ‘உலகத்தரம்’, ‘அதிநவீனம்’ என்ற சொற்கள் வரிக்கு ஒன்றாக வருகின்றன. சான்றாகக் காட்டப்படுவன, குழு தானே வெளியிட்ட ஆய்வுரைகளும் பல்கலைக்கழகத்தின் செய்தி அறிக்கையும். அப்பக்கம் நீக்கப்படும்போது, ‘இந்திய அறிவியலுக்கு எதிரான சதி’ என்று கூக்குரல் எழுகிறது. சதி ஒன்றுமில்லை. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதற்குப் பெயர் கலைக்களஞ்சியம் அன்று, சுவரொட்டி.

வெளியீடுகளின் எண்ணிக்கை ஒரு குழுவைத் தகுதியாக்காது. நிதியின் அளவும் ஆக்காது. எல்லா ஆய்வகங்களும் ஆய்வுரை வெளியிடுகின்றன; அதற்காகத்தானே அவை இருக்கின்றன? எல்லா உணவகங்களும் சோறு போடுகின்றன. எல்லாவற்றுக்கும் களஞ்சியத்தில் இடம் கேட்பதில்லை. பணியைச் செய்வது கடமை. பணியால் பிறர் சிந்தனையின் போக்கு மாறுவது வரலாறு. களஞ்சியத்துக்கு உரியது இரண்டாவது.

ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் மூன்று. முதலாவது, அடங்காமை: குழுவின் கதையைத் தலைவரின் கட்டுரையிலோ கண்டுபிடிப்பின் கட்டுரையிலோ நிறுவனத்தின் கட்டுரையிலோ சிதைக்காமல் அடக்க முடியுமா? முடியுமென்றால் தனிக் கட்டுரை வேண்டா. இரண்டாவது, தொடர்ச்சி: ஆட்கள் மாறியபின்னும் ஒரு வினாவோ ஒரு முறையோ குழுவுக்குள் கைமாறி வளர்ந்ததா? ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியாக வேலை செய்தவர்கள் குழு ஆகார். ஊதியப் பட்டியல்தான் ஆவர். மூன்றாவது, வெளிச்சான்று: குழுவுக்கு வெளியே உள்ளவர், குழுவின் பணியைத் தாமே முயன்று மதிப்பிட்டு எழுதியிருக்கிறாரா? மூன்றும் இருந்தால் கட்டுரை தகும். ஒன்று குறைந்தாலும் தகாது. அந்தக் குழுவில் நோபல் பரிசாளர் இருந்தாலும் தகாது.

சென்னைக் குழுவை இம்மூன்றிலும் நிறுத்திப் பாருங்கள். அடங்காமை மேலே காட்டினேன். தொடர்ச்சி 1954 முதல் 1971 வரை, கிண்டியிலிருந்து பெங்களூரு வரை நீள்கிறது. வெளிச்சான்று? ரிச்சும் கிரிக்கும் எழுப்பிய மறுப்பைவிட மேலான வெளிச்சான்று எது? போட்டியாளர் ஒருவர் உங்கள் மாதிரியை எடுத்து அணு அணுவாகப் பிழை காண்கிறார் என்றால், உங்கள் பணி உலகில் நடமாடுகிறது என்று பொருள். அதற்குப் பின் 1998இல் இராமச்சந்திரனின் வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது. 2005இல் இலண்டன் அரச கழகத்துக்காக எம். விஜயனும் லூயிஸ் ஜான்சனும் நினைவுக் கட்டுரை எழுதினர். ஒரு சிறு கட்டுரைக்கு இவை போதும். இன்றே எழுதலாம்.

ஆனால் இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. இச்சான்றுகளுள் பெரும்பாலானவை தனிமனிதரை மையமாகக் கொண்டவை. குழு அவற்றில் பின்னணி. சிறு கட்டுரைக்குப் போதும் என்றேன். நிறைவான கட்டுரைக்குப் போதா. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்கு நிறைவான கட்டுரை இருக்கிறதென்றால், விக்கிப்பீடியர் ஆங்கிலேயர்மீது கொண்ட பற்று மட்டும் காரணமன்று. அந்த ஆய்வகத்தைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அங்கே பணியாற்றியோர் கடிதங்களைக் காத்தனர். குறிப்பேடுகள் ஆவணக் காப்பகத்துக்குச் சென்றன. வரலாற்றாய்வாளர் அவற்றைப் படித்துச் சண்டையிட்டனர். களஞ்சியம் அச்சண்டையின் சுருக்கம். நம்மிடம் சண்டை இல்லை. ஆகவே சுருக்கமும் இல்லை. நம்மிடம் இருப்பது மணிவிழா மலர். மலரில் எல்லோரும் பெருந்தகையர். எவரும் எவரோடும் கருத்து வேறுபட்டதில்லை. எந்தச் சோதனையும் தோற்றதில்லை. அதிலிருந்து எந்த வரலாற்றாய்வாளர் எதை எழுதுவார்?

எனவே களஞ்சியத்தின் வாயிற்காவலரை ஏசுவதில் நம் ஆற்றலைச் செலவிட வேண்டா. காவலர் கேட்பது சான்று. சான்றை உண்டாக்க வேண்டியவர்கள் நாமே; நம் துறைகள், நம் நூலகங்கள், நம் ஆய்வு மாணவர்கள். இந்நகரிலேயே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக் காப்பகம் 2019 முதல் இயங்குகிறது. தற்கால இந்திய உயிரியலின் தாள்களையும் குரல்களையும் திரட்டுகிறது. இதைப் போன்றதொன்று நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் எத்தனை இடத்தில் உண்டு? பேராசிரியர் ஓய்வு பெற்ற நாளில் அவருடைய அறை காலிசெய்யப்படுகிறது. குறிப்பேடுகள் எடைக்குப் போகின்றன. மறுநாள் அதே துறை, ‘எங்கள் வரலாற்றை உலகம் மதிக்கவில்லை’ என்று தீர்மானம் போடுகிறது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு துறையும் தன் பழைய ஆய்வேடுகளை, குறிப்பாக அவற்றின் நன்றியுரைப் பக்கங்களை, எண்ணிமமாக்கட்டும். யார் எந்தக் கருவியைச் செய்தார், யார் எந்தக் கணக்கைச் சரிபார்த்தார் என்பது பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. மூத்த தொழில்நுட்பப் பணியாளர்களையும் கண்ணாடி ஊதுநரையும் பணிமனைக்காரரையும் அமரவைத்துக் குரல் பதிவு செய்யட்டும். அறிவியல் வரலாற்றில் ஆய்வு செய்ய வரும் மாணவருக்கு, ‘பெரியவர் வாழ்வும் பணியும்’ என்ற தலைப்புக்கு மாற்றாக ஒரு குழுவைத் தலைப்பாகக் கொடுக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஊதியமில்லாத் தன்னார்வலர் உழைப்பு அது. அவர்கள் ‘குறிப்பிடத்தக்கமை’ பற்றிக் கேட்கும் கேள்விக்கு, ஊதியம் பெறும் நாம் ஓர் ஒழுங்கான ஆய்வுரையால் விடை தருவது பெரும் தியாகமாகாது.

இது பக்கம் ஒன்று கிடைப்பதைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. இன்று ஆய்வகத்தில் இரவு பத்து மணிக்குத் தரவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் மாணவர், தன் உழைப்பு எந்தப் பெயரின்கீழ் நினைவுகூரப்படும் என்பதை இத்தகைய மரபுகளிலிருந்தே கற்றுக்கொள்கிறார். அறிவியல் தனிமேதைகளின் வரிசை என்று களஞ்சியம் கற்பித்தால், அவர் அடுத்த மேதையாகத் துடிப்பார், அல்லது சோர்ந்து வெளியேறுவார். அறிவியல் ஒருவர் விட்ட வினாவை மற்றவர் எடுத்துச் செல்லும் தொடர்வேலை என்று கற்பித்தால், தன் பங்கின் அளவும் மதிப்பும் அவருக்குத் தெளிவாகும். முன்னதே பொய், பின்னதே மெய். மெய்யைப் பதிவுசெய்வதற்குத்தான் கலைக்களஞ்சியம்.

என் நிலைப்பாட்டைத் தொகுத்துரைக்கிறேன். பெரும்பாலான ஆய்வுக் குழுக்களுக்குத் தனிக் கட்டுரை தகாது. அவற்றுக்காக நடக்கும் விளம்பர முயற்சிகள் நிறுத்தப்பட வேண்டும். சில குழுக்களுக்குத் தகும். சென்னைக் குழு அவற்றுள் ஒன்று. அதன் பணியைத் தலைவரின் பெயருக்குள் மடித்துவைப்பது தலைவருக்குச் செய்யும் பெருமையுமன்று. 1963 ஆய்வுரையில் மூன்று பெயர்களை இட்டவர்களுள் முதல்வர் அவரே. மறுப்போர் சான்றுடன் மறுக்கட்டும். உடன்படுவோர் விருப்பக் குறியோடு நின்றுவிடாமல், தம் துறையின் பழைய அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.